மாமா இந்தியாவுக்கு வந்த தேதி

ஓட்டுப் போடும் நாளில் எங்கள் ஊரில் மாமாவின் விரல் மட்டும் மையில்லாமல் இருக்கும். காலையிலேயே அத்தை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசைக்குப் போய்விடுவாள். மாமா வேலியோரம் நின்று, ஓட்டுப் போடப் போகிறவர்களின் ஆடுகளையும் கன்றுகளையும் பார்த்துக்கொள்வார். போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"இன்னா வெள்ளக்காரரே, உங்க ஊர்ல எப்ப எலெக்சன்?"

"வருது வருது. கவரு வந்துடுச்சி" என்பார் மாமா.

கவர் வந்தது உண்மைதான். பிரான்சு நாட்டில் தேர்தல் என்றால் தடித்த வெள்ளைக் கவர் ஒன்று மாமா பெயருக்குத் தபாலில் வரும். உள்ளே வேட்பாளர்களின் படம் போட்ட வழவழப்பான தாள்கள் இருக்கும். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. "யாருக்கு மாமா போடப் போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கோட்டு போட்டுக்கினு ஒரே மாதிரி இருக்கறானுங்க. எவனப் பாத்தாலும் பொண்ணு கேட்டு வந்தவன் மாதிரியே சிரிக்கிறான்" என்றார். அத்தை அந்தத் தாள்களைப் பருப்பு டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிடுவாள். அதில் எறும்பு ஏறாது என்பது அவள் நம்பிக்கை.

மாமா என்று நான் சொல்வது என் அப்பாவின் தங்கை புருஷனை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை பேரில் இருந்த இரண்டு ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போட்டுக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து எங்கள் ஊரிலேயே இருந்தவர். மெட்ராசுக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர் பிரெஞ்சுக் குடிமகன்.

எங்கள் பக்கத்தில் மாநில எல்லை நேராக ஓடாது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த நிலம் போல, தமிழ்நாட்டுக்கு நடுவே ஒரு புதுச்சேரித் துண்டு, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று கிடக்கும். எங்கள் ஊர் திருவக்கரைக்குப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. மாமா பிறந்த ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், புதுச்சேரியில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அதைப் பிரெஞ்சுக்காரன் ஆண்டான். மாமாவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்பார்கள். சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுத் திரும்பியவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சொல்தா எழுதிக் கொடுத்துவிட்டார். மைனராக இருந்த மாமாவும் அந்த ஒரு கையெழுத்தில் பிரெஞ்சுக்காரர் ஆனார். அவரை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்தாராம்.

மாமா இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. நான் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் மயிலம் வழியாக வண்டியில் ஊருக்குப் போகும்போது, எந்த இடத்தில் எந்த மாநிலம் தொடங்குகிறது என்று மனம் தானாக எண்ணிக்கொண்டே வரும். அது மாமாவோடு சுற்றியதால் வந்த பழக்கம். அவரை இந்த நாட்டிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று நாங்கள் பயந்த பதினைந்து நாட்களில் வந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் நான்தான்.

வெளிநாட்டுக்காரர் என்பதால் மாமா இங்கே தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப நாள் வரைக்கும் அவருடைய அண்ணன் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார். மாமா எங்கள் ஊரில் இருந்தாலும், காகிதத்தில் அவர் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அந்த அண்ணன் வீட்டை விற்றுவிட்டு, பிரான்சில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். பழைய காகிதங்கள் எந்தப் பெட்டியில் போயின என்று அவருக்கே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மாமா எங்கள் ஊர் விலாசத்தில், விழுப்புரத்தில் புதிதாகப் பதிய வேண்டியதாயிற்று.

அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"மாப்ள, உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். நீயே எழுதிடு" என்றார்.

நான் பத்தாவது படித்தவன். பேச வராது. கடைக்கு வருகிற ஆட்களிடம்கூட 'எத்தன காப்பி' என்பதற்கு மேல் பேச மாட்டேன். பேசாத குறையை எழுத்தில் தீர்த்துக்கொள்வேன். கட்டம் கட்டமாக இருக்கிற விண்ணப்பத்தில், கோட்டைத் தொடாமல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். காலிக் கட்டம் விட்டால் மனு திரும்பி வரும் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். இருபது வருடத்தில் நான் எழுதிய எதிலும் காலிக் கட்டம் இருந்ததில்லை.

மாமாவின் விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் என்னை நிறுத்தின. இந்தியாவுக்கு வந்த தேதி. எந்த நாட்டிலிருந்து வந்தார். எந்த இடம் வழியாக நுழைந்தார்.

"மாமா, இந்தியாவுக்கு நீங்க எப்ப வந்தீங்கன்னு கேட்டிருக்குது."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார்.

"நான் பொறந்தப்ப வரப்புக்கு அந்தாண்டதான் இந்தியா. எங்கப்பா சொல்லுவாரு, வரப்பத் தாண்டாத, அது இந்தியா, போலீசு புடிச்சிக்கினு போயிடுவான்னு. அப்புறமா சந்தைக்கு, திருவக்கரை கோயிலுக்குன்னு வந்துக்கினு போய்க்கினு இருந்தேன். அதெல்லாம் கணக்குல வராது. தங்கறதுக்குன்னு வந்தது கல்யாணத்துக்குத்தான்."

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது சரியான பதிலாகப் பட்டது. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். 'அவன் பிரெஞ்சு எல்லையிலேர்ந்து வந்தவன்' என்றுதான் என் அப்பா மாமாவைப் பற்றிச் சொல்வார். அத்தைக்குப் போன் போட்டேன். அவள் பெட்டியைத் திறந்து கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத் தேதி சொன்னாள். அதை எழுதினேன். எந்த நாட்டிலிருந்து என்ற இடத்தில் பிரான்சு என்று எழுதினேன். எந்த இடம் வழியாக என்ற கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். கட்டம் சரியாக நிறைந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது அச்சடித்தது போல இருந்தது.

ஒரு மாதம் கழித்து விழுப்புரத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்குப் போனேன்.

வெளிநாட்டுக்காரர்களைப் பதிகிற செக்‌ஷனில் ஐம்பது வயது இருக்கும் ஒரு மேடம் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மாமாவை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு.

"நீங்கதான் பிரான்ஸ்காரரா?"

"ஆமாங்க."

"பிரான்ஸ்ல இருந்து வந்துருக்கீங்க. சரி. இது எந்த ஏர்போர்ட்டு? நான் கேள்விப்பட்டதே இல்லியே?" எங்கள் ஊர்ப் பெயரைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

பின்னால் இருந்த மேசையில் யாரோ சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"விசா எங்க? பாஸ்போர்ட்ல வந்து எறங்குன சீல் எங்க? நீங்களே தேதி போட்டுக் குடுத்துருக்கீங்க. அந்தத் தேதியில விசா இல்லாம உள்ள வந்து, இத்தன வருஷமா ஊருக்குள்ள இருக்கீங்கன்னுதான் இதுக்கு அர்த்தம்."

"நான் இங்கயே பொறந்தவன்மா" என்றார் மாமா.

"அப்படின்னா எதுக்கு வந்தேன்னு எழுதுனீங்க? நான் பேப்பரத்தான பாக்க முடியும்? பதினஞ்சு நாள் டைம் தர்றேன். ஆதாரம் கொண்டாங்க. இல்லன்னா இது மேல போயிடும். வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வரலாம். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். எழுதியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். கண்டமங்கலம் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறி, எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அவர்கள் சத்தத்துக்கு நடுவே மாமா மெதுவாகக் கேட்டார்.

"எந்த ஊருக்கு மாப்ள அனுப்புவானுங்க?"

"பாரிசுக்குத்தான்னு நெனைக்கிறேன், மாமா."

"அங்க மல்லாட்டை போடுவாங்களா?"

"தெரியல மாமா."

"குளுரு ஊரு. போட மாட்டான்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

அத்தை அப்படி முடித்துக்கொள்ளவில்லை. விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"எழுதத் தெரிஞ்சவன்னு உங்கிட்ட குடுத்தா, என் புருசன நாட்ட வுட்டே தொரத்திட்டியேடா! ஒரு எழவும் எழுதாம வுட்டிருந்தா இந்தப் பேஜாரு உண்டா?"

"அவன இன்னாத்துக்குத் திட்ற? நான் சொன்னேன், அவன் எழுதுனான்" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க. போற எடத்துல சோறு கெடைக்குமா ரொட்டியான்னு கேட்டு வெச்சிக்கோங்க."

விதைக்காக உரித்த மல்லாட்டை கூடையில் இருந்தது. மண் பதமாக இருந்த நேரம். மாமா அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நூறு நாள் பயிரு. புடுங்கறப்ப நான் இருக்கறேனோ இல்லியோ" என்றார். அத்தை கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் இருக்கறேன். ஏர் ஓட்ட ஆள் வந்தாச்சி, எழுந்திருங்க" என்று முன்னால் நடந்தாள். மறுநாளே விதை போட்டு முடித்துவிட்டார்கள்.

மாமா பிறந்த ஊரின் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்புப் பதிவைத் தேடலாம் என்று ஒரு வழி தெரிந்தது. ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, டி.வி.எஸ். வண்டியில் மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பயத்தோடு போன பயணம்தான். ஆனால் என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கிறேன், அந்த ஆறு கிலோமீட்டர் போல எதுவும் நினைவில் நிற்கவில்லை.

கரும்புக்கும் சவுக்குக்கும் நடுவே ரோடு வளைந்து வளைந்து போனது. மாமா என் தோளைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். "இதோ, பாண்டி வந்துடுச்சி." ஒரு வளைவு தாண்டும். "இப்ப தமிழ்நாடு." எனக்குப் பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாராயக் கடையும் வேறு மாதிரி விளக்குக் கம்பமும் வந்தால் பாண்டி என்று கண்டுகொண்டேன். மாமாவுக்கு அந்த அடையாளங்கள் தேவைப்படவில்லை. ஒரு வேப்பமரம், ஒரு மடை, ஒரு வரப்பு என்று அவருக்கு வேறு கணக்கு இருந்தது. ஐந்து முறை மாநிலம் மாறியது.

ஒரு பரோட்டாக் கடைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார்.

"இங்கதான் சுங்கச் சாவடி இருந்திச்சி. கீத்துக் கொட்டாய். எங்கக்காவ இந்தாண்ட குடுத்திருந்தாங்க. பொங்கலுக்கு எங்கம்மா அதிரசம் சுட்டுத் தூக்குல போட்டு எங்கிட்ட குடுத்தனுப்பும். சாவடிக்காரன் மூடியத் தொறப்பான். ரெண்டு எடுத்து வாயில போட்டுக்குவான். அதான் சுங்கம்."

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

"அது எண்ணிப் பாத்துட்டு, அவன் ரெண்டு தின்னான், நீ எத்தினி தின்னன்னு கேக்கும்."

இதைச் சொல்லிச் சிரித்தார். விழுப்புரத்திலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். அந்தச் சாவடி எடுபட்டபோது அவருக்கு ஏழெட்டு வயதுதான் இருக்கும். ஆனால் அதிரசத்தின் எண்ணிக்கை அவருக்குத் தவறவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் பெட்டிக்கடையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மாமாவோடு சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவர். சேதி எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தது.

"இன்னாடா, பிரான்சுக்குப் போறியாமே? சொல்லாம கொள்ளாம?"

"கூட்டிக்கினு போறானுங்களாம். டிக்கெட்டு அவனுங்க செலவு."

"போறதுதான் போற, எனக்கு ஒரு சென்ட்டு பாட்டில் அனுப்பு. உங்கப்பன் சைகோன்லேர்ந்து வந்தப்ப தெருவுக்கே வாசன அடிக்கும்."

"உனக்கு இப்ப எதுக்கு சென்ட்டு?"

"ஏன், நான் இன்னா செத்தா போய்ட்டேன்? சோடா குடிக்கிறியா?"

சோடா குடித்துவிட்டு, விற்றுவிட்ட வீட்டுப் பக்கம் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். தெருமுனையில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

கொம்யூன் ஆபீசில் இருந்த கிளார்க் எங்களை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் அங்கே வாரத்துக்கு இரண்டு பேர் வருவார்களாம். தோல் அட்டை போட்ட பெரிய ரிஜிஸ்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். எல்லாம் சாய்ந்த கையெழுத்தில் பிரெஞ்சில் இருந்தது. நான் எழுத்து பார்க்கிறவன். அது அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் கிடையாது. விரலை வைத்துத் தேடி ஒரு பக்கத்தில் நிறுத்தினார் கிளார்க். அந்த அளவுக்குப் பிரெஞ்சு அவருக்கு வாசிக்க வரும்.

"இதோ இருக்கீங்க. அப்பா பேரு, தொழில் சொல்தா. அம்மா பேரு. இந்தத் தெரு. காலையில ஆறு மணிக்குப் பொறந்திருக்கீங்க. சாட்சிக்கு ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

மாமா முன்னால் குனிந்தார். "எத்தினி மணி?"

"ஆறு. விடியக்காலம்."

மாமாவுக்கு ஜாதகம் கிடையாது. பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது என்று, அத்தைக்குப் பேர் பொருத்தம் மட்டும் பார்த்துத்தான் கல்யாணம் செய்தார்கள். அதைச் சொல்லி அத்தை எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். அந்த நேரம் இத்தனை காலமும் ஆறு கிலோமீட்டரில், ஒரு பீரோவுக்குள், யாருக்கும் புரியாத எழுத்தில் இருந்திருக்கிறது.

"இனிமே ஜாதகம் எழுதலாம் மாமா" என்றேன்.

"இனிமே எழுதி இன்னா பண்றது? நடந்ததெல்லாம் சரியா நடந்துச்சான்னு வேணா பாத்துக்கலாம்" என்றார். ஆனால் அந்தப் பக்கத்தை மூடவிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் தன் அப்பாவின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். திரும்பி வரும்போது, வழியில் எந்த மாநிலம் என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு அம்மா வாசல் தெளித்திருப்பாளா இல்லையா என்று மட்டும் ஒருமுறை கேட்டார். என்னைக் கேட்டாரா என்பது தெரியவில்லை.

பதிவின் நகலை எடுத்துக்கொண்டு பதிமூன்றாம் நாள் விழுப்புரம் போனோம். மேடம் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க பொறந்தீங்க, ஒத்துக்கறேன். ஆனா நடுவுல எங்கியோ போயிட்டுத் திரும்பி வந்துருக்கலாம் இல்லியா? வந்தேன்னு உங்க விண்ணப்பமே சொல்லுதே. யாரு எழுதுனது இது?"

"நான்தாம்மா" என்றார் மாமா.

"நீங்களா? எங்க, இந்தப் பேப்பர்ல இதே மாதிரி எழுதிக் காட்டுங்க."

பேனாவை நீட்டினார். மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்காகப் பொய் சொல்லிவிட்டு அந்த மனிதர் அப்படி நின்றதைப் பார்த்ததும் மேசைக்கு முன்னால் வந்தேன்.

"நான் எழுதுனேன் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். நிறுத்தினால் திரும்பவும் பேச வராது என்று நிறுத்தாமல் சொன்னேன். "காலிக் கட்டம் விடக் கூடாதுன்னு எழுதிட்டேன். அவரு எங்கியும் போகல. அந்தத் தேதியில கல்யாணத்துக்கு வந்தாரு. நான் பாத்தேன் மேடம். எனக்கு ஆறு வயசு. ஊர் எல்லையில மாலையோட என்னைத்தான் நிக்க வெச்சிருந்தாங்க. மாட்டு வண்டியில வந்தாரு. ஏரோப்ளேன்ல வரல."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க" என்றார்.

அதற்கு மேல் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்தா தன் மாடுகளை ராணுவ வார்த்தை சொல்லிப் பழக்கியிருந்தார். நில் என்பதற்கு 'ஆல்த்' என்று அவர் சொல்வார். மாப்பிள்ளை வண்டி எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது, எங்கள் ஆட்கள் குறுக்கே நின்று ஓவ் ஓவ் என்று கத்தினார்கள். மாடுகள் நிற்கவில்லை. ஆலத்தித் தட்டைத் தட்டிவிட்டு, மேளக்காரர்களை விலக்கிக்கொண்டு, நேராக ஏரிக்குள் இறங்கிவிட்டன. தண்ணீர் அச்சுக்கு வந்த பிறகு, மாமா வண்டியில் எழுந்து நின்று 'ஆல்த்' என்று ஒரு அதட்டுப் போட்டார். இரண்டும் அப்படியே நின்றன. பட்டு வேட்டி நனைய மாமா இறங்கி நடந்து வந்தார். நான் பயத்தில் மாலையைப் போட்டுவிட்டு ஓடிப்போனேன்.

சொல்லி முடித்தபோது என் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பின் மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் மாமாவைப் பார்த்தார். "மாட்டுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"பேசாதுங்க. சொன்னா புரிஞ்சிக்கும்" என்றார் மாமா. "எனக்கும் அவ்ளோதாங்க தெரியும்."

மேடம் சிரித்துவிட்டார். தன் அம்மா வீடு கண்டாச்சிபுரம் பக்கம் என்றும், தன் தாத்தா வண்டி மாடு கெடிலம் ஆற்றில் இறங்கிய கதையைக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதையெல்லாம் அப்படியே எழுதுங்க. ஊருக்கு ஊரு ஆறு கிலோமீட்டர், கல்யாணத்துக்கு வந்தாரு, தப்பா எழுதுனது நான், எல்லாம். கையெழுத்து போடுங்க. மாடு வேணாம்."

எழுதினேன். மாட்டை விட்டுவிட்டு எழுதுவது கஷ்டமாக இருந்தது. அவர் என் பழைய விண்ணப்பத்தை எடுத்து, ஸ்கேல் வைத்து, அந்த மூன்று கட்டங்களின் குறுக்கே ஒரே கோடு போட்டார். பக்கத்தில் 'பிறப்பால்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்துகளின் மேல் அந்தக் கோடு போனபோது, கடையில் உட்கார்ந்து இத்தனை வருடம் எழுதியதில் அதைவிட நல்ல கோட்டை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அனுமதிச் சீட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஊரில்தான் இருந்தேன். மல்லாட்டைச் செடி இரண்டு இலை விட்டிருந்தது. மாமா மடை திருப்பிவிட்டு முழங்கால் வரை சேற்றோடு களத்துக்கு வந்தார். மோட்டார் சைக்கிளில் ஒரு இளம் போலீஸ்காரர் வந்து இறங்கினார்.

"ஏங்க அண்ணாச்சி, இங்க பிரான்சு நாட்டுக்காரர் ஒருத்தர் இருக்காராமே, வீடு எது?"

"நான்தாங்க" என்றார் மாமா.

"வெளையாடாதீங்க அண்ணாச்சி. வெயிலா இருக்கு."

"அட, நெசமா நான்தாங்க."

அத்தை உள்ளிருந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். போலீஸ்காரர் படத்தையும் சேற்றுக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நாங்குநேரிப் பக்கம். இங்கே மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார். நான் பிரித்து வாசித்தேன். ஒரு வருடம் இந்தியாவில் தங்க அனுமதி.

"ஒரு வருசந்தானா?" என்றாள் அத்தை.

"வருசா வருசம் புதுப்பிக்கணும், அம்மா" என்றார் போலீஸ்காரர்.

"மொதல்ல கால கழுவிக்கினு வந்து கூழு குடிங்க ரெண்டு பேரும்" என்றாள் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரியாமல் இருக்க உள்ளே போய்விட்டாள்.

போலீஸ்காரர் கூழ் குடித்தார். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு இருமினார். பிறகு பையிலிருந்து இன்னொரு கவரை எடுத்து விலாசத்தைப் பார்த்தார். பக்கத்து ஊர் ஆளுக்குக் கொடுக்க வேண்டியது.

"அண்ணாச்சி, இந்த ஊருக்கு எப்படிப் போறது? காலையிலேருந்து சுத்துதேன். நம்ம லிமிட்டு எது, பாண்டிச்சேரி லிமிட்டு எதுன்னே வெளங்க மாட்டேங்குது. நேத்து தெரியாம அவங்க ஊருக்குள்ள போயி நின்னுட்டேன்."

மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பனமரம் தெரியுது பாருங்க, அது வரைக்கும் உங்க லிமிட்டு. அப்புறம் ரெண்டு கொல்லை நெலம் பாண்டி. அதத் தாண்டிப் போனாத்தான் நீங்க கேக்கற ஊரு. இந்த டிரஸ்ஸோட நடுவுல நின்னீங்கன்னா அவங்க ஆளு வந்து இன்னான்னு கேப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "வாங்க, வரப்பு வழியாவே கூட்டிக்கினு போறேன். நான் கூட வந்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

மாமா முன்னால் நடந்தார். போலீஸ்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, "மெல்ல போங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் போனார்.